நான்கு பாதை, ஒரு காலை: குமரி மாவட்டத்தில் சைக்கிளுக்கு எந்தச் சாலை?

"ஒரு காலைப் பொழுதுதான் கிடைக்கும். எந்தப் பக்கம் மிதித்தால் நல்லது?"

அண்மையில் என்னிடம் இப்படிக் கேட்டவர்கள் மூன்று தரப்பு. கியர் சைக்கிள் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத நாகர்கோவில் ஆசிரியை ஒருவர். மதுரையிலிருந்து சைக்கிளை ரயிலில் போட்டுக்கொண்டு வர நினைக்கும் இரண்டு நண்பர்கள். வளைகுடாவிலிருந்து ஆடி மாதம் விடுமுறைக்கு ஊர் வரும் ஒருவர். எல்லோருமே விடையைப் பாதி முடிவு செய்துவிட்டுத்தான் கேட்டார்கள்: கடற்கரை, இல்லாவிட்டால் திற்பரப்பு அருவி. படங்களில் அடிக்கடி வருபவை அவைதானே. ஆனால் அவர்கள் விரும்பியது ஆளரவம் குறைந்த நாட்டுப்புறச் சாலை. அந்த விருப்பத்தோடு பார்த்தால் விடை மாறுகிறது. யார் போகிறார், எந்த மாதம் போகிறார், எத்தனை மணிக்குக் கிளம்புகிறார் என்பதைப் பொறுத்து மறுபடியும் மாறுகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2011 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் இருக்கிறார்கள். தமிழகத்தில் சென்னைக்கு அடுத்த நெருக்கம் அது. ஓர் ஊர் முடிந்து பத்து கிலோமீட்டர் வெட்டவெளி, பிறகு அடுத்த ஊர் என்ற கணக்கு இங்கே கிடையாது. ஓர் ஊரின் கடைசி வீட்டு மதிலிலேயே அடுத்த ஊரின் முதல் வீட்டு வாழை சாய்ந்திருக்கும். அதனால் இங்கே அமைதி என்பது பெரும்பாலும் நேரத்தைப் பொறுத்தது. காலை ஐந்தரைக்குக் குளத்தங்கரையில் கிடைக்கும் அமைதி, எட்டு மணிக்குப் பள்ளி வேன்கள் கிளம்பியதும் போய்விடும்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, சாலையில் ஓடும் வண்டிகள். எண்ணிக்கையைவிட வகை முக்கியம். நூறு ஸ்கூட்டர் கடந்து போகும் சாலையில் நிம்மதியாக மிதிக்கலாம். கல்லும் மணலும் ஏற்றிய நான்கு டாரஸ் லாரி போகும் சாலையில் முடியாது. ஆரல்வாய்மொழி வழியாக உள்ளே வந்து மேற்கே கேரளம் நோக்கிப் போகும் பாரவண்டிகள் தேசிய நெடுஞ்சாலையிலும் அதை ஒட்டிய இணைப்புச் சாலைகளிலும்தான் ஓடுகின்றன. ஆகவே நெடுஞ்சாலையை எத்தனை முறை தொடுகிறோம் என்பதே என் முதல் கணக்கு.

இரண்டாவது, காற்று. வெளியூர்க்காரர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. வைகாசி பாதியிலிருந்து புரட்டாசி வரை மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று, ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்குண்டு பாய்கிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமே அதுதான். காற்றாலை இறக்கையைச் சுற்றும் அதே காற்றுதான் நம் நெஞ்சிலும் வந்து மோதும்.

மூன்றாவது, ஏற்றம். கிழக்கே நாஞ்சில் நாடு தட்டை. மேற்கே கல்குளம், விளவங்கோடு பகுதிகள் முழுக்க மேடும் பள்ளமும்.

நான்காவது, திரும்பும் வழி. பாதி வழியில் செயின் அறுந்தால், கால் பிடித்துக்கொண்டால், மழை கொட்டினால் எப்படி வீடு வந்து சேர்வது? பேருந்தில் சைக்கிளை ஏற்ற மாட்டார்கள். குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்றைப் பிடிக்க வேண்டும். அது கிடைக்கிற சாலையா, இல்லையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர், சாயா, பழம் பற்றிக் கவலை வேண்டாம். மலையடிவாரத்தின் கடைசிச் சில கிலோமீட்டர் தவிர மாவட்டம் முழுக்கக் கடை உண்டு.

| பாதை | தூரம் (ஏறக்குறைய) | ஏற்றம் | எதிர்க்காற்று | வண்டித் தொல்லை | நல்ல காலம் |
|---|---|---|---|---|---|
| நாஞ்சில் நாட்டுக் குளங்கள் | 30–35 கி.மீ. சுற்று | இல்லை என்றே சொல்லலாம் | ஆனி, ஆடியில் கடுமை | குறைவு. நெடுஞ்சாலையைக் கடக்கும் இடங்களில் கவனம் | தை, மாசி |
| மேற்கு ரப்பர் மேடு | 50–60 கி.மீ. சுற்று | ஓயாத சிறு ஏற்றங்கள் | மரம் மறைக்கும் | ஞாயிறு ஒன்பது மணிக்குமேல் அதிகம் | மாசி, ஆவணி |
| மலையடிவாரம், கீரிப்பாறை வரை | 45–50 கி.மீ. போக வர | மெதுவாக ஏறும், கடைசியில் கூடும் | நடுத்தரம் | மிகக் குறைவு | மார்கழி முதல் பங்குனி வரை |
| கன்னியாகுமரி முதல் குளச்சல் வரை | 40–45 கி.மீ. ஒருவழி | சிறு மேடுகள் | திசையைப் பொறுத்தது | ஊருக்குள் நெருக்கம் | தை முதல் பங்குனி வரை, வேலை நாள் |

## நாஞ்சில் நாட்டுக் குளங்கள்: தோவாளையும் தேரூரும்

நாகர்கோவில் வடசேரியிலிருந்து கிளம்பித் திருப்பதிசாரம், வீரநாராயணமங்கலம், தாழக்குடி, செண்பகராமன்புதூர், தோவாளை. அங்கே நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்து உள்ளூர்ச் சாலைகளில் தேரூர், சுசீந்திரம், நாகர்கோவில். நான் இதுவரை அதிகம் மிதித்த பாதை இதுதான். யாரும் படம் போடாத பாதையும் இதுதான்.

திருப்பதிசாரம் 108 திவ்விய தேசங்களில் ஒன்று. நம்மாழ்வாரின் தாய் பிறந்த ஊர் என்பார்கள். ஊரைத் தாண்டியதும் இருபுறமும் வயல் விரிந்துவிடும். வடக்கே மலை, அதன் அடியில் வெள்ளைக்கோடுபோல மூடுபனி, சாலையோரம் ஓடும் வாய்க்கால். இங்கே வயலில் இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். கன்னி மாதமாகிய புரட்டாசியை ஒட்டி அறுக்கும் கன்னிப்பூ, கும்ப மாதமாகிய மாசியை ஒட்டி அறுக்கும் கும்பப்பூ. தை மாதக் காலையில் வந்தால் கதிர் தலைசாய்ந்து நிற்கும், குளத்திலும் தண்ணீர் இருக்கும். அந்த இரண்டும் சேர்ந்து கிடைக்கும் ஐந்தாறு வாரங்களுக்காகவே இந்தப் பாதையை முதலில் வைக்கிறேன்.

தோவாளையில் பூச்சந்தை விடியுமுன்பே தொடங்கிவிடும். ஆறு மணிக்குள் போய்ச் சேர்ந்தால் சாலைவரை பிச்சியும் கேந்தியும் மணக்கும். ஆனால் பூ ஏற்றும் வண்டிகள் அவசரத்தில் இருப்பவை. சந்தை வாசலில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே நல்லது.

தேரூர், கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்த ஊர். தேரூர்க் குளமும் சுசீந்திரம் குளமும் சேர்ந்த ஈரநிலம் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் இடம்பெற்றது. கரையில் சைக்கிளை நிறுத்திப் பத்து நிமிடம் அசையாமல் நின்று பாருங்கள். தாமரை இலைமேல் நீலத் தாழைக்கோழி நீண்ட விரல்களைப் பரப்பி, ஒரு காலைத் தூக்கி, யோசித்து, அடுத்த இலைக்கு வைக்கும். நத்தைக்குத்தி நாரைகள் சேற்றில் அலகை விட்டுத் துழாவும். சைக்கிள் சத்தம் போடாத வண்டி என்பதால், காரில் வந்து இறங்குகிறவர்களைவிட நமக்குப் பறவைகள் அருகிலேயே நிற்கின்றன.

மறைந்திருக்கும் செலவுகளைச் சொல்லியாக வேண்டும். முதலாவது அறுவடை. மாசியிலும் புரட்டாசியை ஒட்டியும் சாலையிலேயே நெல் காயப் போடுவார்கள், வைக்கோலும் விரித்திருப்பார்கள். காய்ந்த வைக்கோல்மேல் 25 மில்லிமீட்டர் டயர் பிடிப்பில்லாமல் போகும். ஒருமுறை தாழக்குடிக்கு அப்பால் வைக்கோலைத் தவிர்க்காமல் ஓட்டிவிட்டேன். நாலு மிதிக்குள் பின்சக்கரம் நின்றுவிட்டது. பார்த்தால் பல்சக்கரத்துக்கும் செயினுக்கும் நடுவில் ஒரு பிரிக் கயிறுபோல வைக்கோல் முறுக்கிக் கிடந்தது. நான் இழுக்க இழுக்க அது இறுகியது. நெல் கிளறிக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இழுக்காதே மக்களே, பின்னால சுத்து, தானா வரும்" என்றார். மிதியைப் பின்னோக்கிச் சுற்றினேன், அவர் நுனியைப் பிடித்துக்கொண்டார். முழுசும் ஒரே இழையாக வந்துவிட்டது. அன்றிலிருந்து நெல் காயும் இடத்தில் இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகிறேன். அது அவர்கள் களம். அவர்கள் நெல்லின்மேல் நம் டயர் ஏறக்கூடாது.

இரண்டாவது காற்று. நாகர்கோவிலில் தொடங்கினால் கிழக்கே போகும்போது காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். நமக்குத் திடீரென்று பலம் வந்துவிட்டதாகத் தோன்றும். திரும்பும்போதுதான் உண்மை தெரியும். ஓர் ஆனி மாதம் தோவாளையில் சாயா குடித்துக்கொண்டு நேரம் போவது தெரியாமல் நின்றபோது, பக்கத்திலிருந்த பெரியவர் தென்னை ஓலையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காத்து ஏறியாச்சு. இனி மேக்க பாத்து மிதிக்க முடியாது." அப்போது மணி எட்டேகால். அவர் சொன்னது அப்படியே நடந்தது. ஆனி, ஆடியில் இந்தப் பாதைக்கு வந்தே ஆக வேண்டுமானால் ஏழரைக்குள் முகத்தை மேற்கே திருப்பிவிடுங்கள்.

மூன்றாவது, சுசீந்திரம் சாலை. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை போய்வரும் வண்டிகளெல்லாம் கன்னியாகுமரிக்குப் படையெடுக்கும். அந்த இரண்டு மாதம் சுசீந்திரத்தைத் தொடாமல், தேரூரிலிருந்து மருங்கூர், மயிலாடிப் பக்கம் ஒதுங்கிவிடலாம். மயிலாடியில் கல்தச்சர்களின் உளிச்சத்தம் சாலைவரை கேட்கும்.

இது யாருக்கு? புதிதாகத் தொடங்குகிறவர்கள், பிள்ளைகளோடு வருகிறவர்கள், பறவை பார்க்கிறவர்கள், ஒரே கியர் உள்ள பழைய சைக்கிள் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும். எங்கே நின்றுபோனாலும் ஆட்டோவோ குட்டியானையோ கால் மணி நேரத்தில் கிடைக்கும்.

## மேற்கு ரப்பர் மேடு: மார்த்தாண்டம் முதல் பேச்சிப்பாறை வரை

மார்த்தாண்டத்தில் தொடங்கித் திருவட்டாறு, மாத்தூர், திற்பரப்பு, குலசேகரம், பேச்சிப்பாறை; திரும்பிக் குலசேகரம் வழியாகவே திருவட்டாறு. தூரம் பெரிதில்லை. ஆனால் ஐம்பது கிலோமீட்டர் தட்டைச் சாலையோடு இதை ஒப்பிட்டுவிடாதீர்கள். ஒரு குன்று இறங்கி, ஓடையைத் தாண்டி, மூச்சை இழுத்துவிடுவதற்குள் அடுத்த குன்று நிமிர்ந்து நிற்கும். பெரிய மலை எதையும் ஏறவில்லை, ஆனாலும் நாள் முழுக்க ஏறியிருக்கிறோம் என்று வீட்டுக்கு வந்தபின் தொடை சொல்லும்.

தமிழகத்தில் விளையும் ரப்பரில் பெரும்பங்கு இந்த மாவட்டத்தில்தான். விடியுமுன்பு இந்தச் சாலைகளில் போனால் தோட்டத்துக்குள் நெற்றி விளக்குகள் நகர்வது தெரியும். பால் வெட்டுகிறவர்கள். பட்டையில் சரிவாக ஒரு கோடு கீறியதும் வெள்ளை நூல்போலப் பால் இறங்கி, தகட்டின் நுனியில் ஒரு கணம் தயங்கி, கீழே கட்டிய சிரட்டையில் சொட்டும். வீட்டு முற்றங்களில் துணி காயப் போட்டதுபோல ரப்பர் ஷீட்டுகள் கொடியில் தொங்கும். அந்தப் புளித்த வாசம் முதலில் பிடிக்காது. நாலைந்து முறை போனபிறகு, அது மூக்கில் ஏறினால்தான் மேற்கே வந்துவிட்டோம் என்று மனசு ஒப்புக்கொள்ளும்.

தை, மாசியை ஒட்டி ரப்பர் இலை உதிரும். சாலை முழுக்கப் பழுப்பும் சிவப்புமாகச் சருகு கிடக்க, டயருக்குக் கீழே அது நொறுங்கும் சத்தம் தவிர வேறொன்றும் கேட்காது. நான்கு பாதைகளிலும் காதுக்கு மிக அமைதியான அரைமணி நேரம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். சருகுக்கு அடியில் குழி மறைந்திருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வழியில் நிற்க வேண்டிய இடங்கள் நிறைய. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் நானூறு ஆண்டுகளுக்குமேல் கழித்து 2022 ஜூலையில் குடமுழுக்கு நடந்தது. மாத்தூரில் பறளியாற்றுக்கு மேலே பட்டணங்கால் வாய்க்காலின் தண்ணீரைச் சுமந்து நிற்கும் தொட்டிப்பாலம் 115 அடி உயரம். காமராசர் காலத்துத் திட்டம், 1966இல் முடிந்தது. சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு மேலே நடந்துபோய்ப் பாருங்கள். ஒரு பக்கம் காலடியில் ஓடும் தண்ணீர், மறுபக்கம் ஆழத்தில் தென்னந்தலைகள். பேச்சிப்பாறை அணை 1906இல் கட்டி முடிந்தது. அதைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறையும் அங்கேயே இருக்கிறது. நாஞ்சில் நாட்டுக் குளங்களில் நீங்கள் பார்க்கிற தண்ணீரில் நல்ல பங்கு இங்கிருந்து சானல்களில் இறங்கி வருவதுதான். இரண்டு பாதைகளையும் மிதித்தவர்களுக்கு அந்தத் தொடர்பு தானாகப் புரியும்.

இனி செலவு. மழைக்காலத்தில் இந்தச் சாலைகள் வெயிலே காணாது. ஓரத்தில் பாசி பிடிக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசிக் காலையில் திருவட்டாறுக்கு இந்தப் பக்கம், மரம் மூடிய வளைவில் இறங்கும்போது முன்பிரேக்கை ஒரு நொடி அதிகமாகப் பிடித்துவிட்டேன். நனைந்த ரிம்மில் கட்டை முதலில் பிடிக்கவில்லை, பிறகு மொத்தமாகப் பிடித்தது. சக்கரம் பாசியில் சறுக்க, முழங்கைத் தோல் சாலையோடு போய்விட்டது. பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து கழுவிவிட்டு, கட்டன்சாயாவும் தந்து, அரைமணி நேரம் உட்காரவைத்துத்தான் அனுப்பினார். எனக்கு ஆனது சின்னக் காயம். உங்களுக்கு ஆகாமலிருக்க இரண்டு சொல்கிறேன்: மழை மாதங்களில் இங்கே டிஸ்க் பிரேக் இருந்தால் நல்லது, டயர் 28 அல்லது 32 மில்லிமீட்டர் இருக்கட்டும். அப்புறம், இறக்கத்தில் சாலையின் நடுப்பகுதியை விட்டு ஓரத்துக்கு ஒதுங்காதீர்கள்.

கியரும் ஒரு செலவுதான். முன்னால் சின்னப் பல்சக்கரம் இல்லாத சைக்கிளோடு இங்கே வந்தால் முழங்கால் வலிக்கும். சாலை குறுகல். எதிரே பேருந்து வந்தால் இறங்கி நிற்கவேண்டிய வளைவுகள் பல. ரப்பர் தடி ஏற்றிய லாரிகளும் உண்டு. திற்பரப்பில் ஞாயிறும் விடுமுறை நாளும் ஒன்பது மணிக்குமேல் வேன் வேனாக ஆள் வந்து இறங்கும். அன்றைக்கு எட்டுக்குள் திற்பரப்பைத் தாண்டியிருக்க வேண்டும். குலசேகரத்தில் புட்டும் பயறும் பப்படமும், இரண்டு மட்டிப்பழமும் சாப்பிட்டுவிட்டுப் பேச்சிப்பாறை ஏறினால் பசி தெரியாது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி மட்டி சட்டைப்பையில் நாலைந்து கொள்ளும் அளவுக்குச் சிறியது. சைக்கிள்காரனுக்கென்றே காய்த்ததுபோல இருக்கும்.

காலில் பலம் உள்ளவர்களுக்கு இதே மேட்டில் இன்னொரு திட்டமும் உண்டு. மகா சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் நடக்கும் பன்னிரண்டு கோயில்களை இணைக்கும் வழி. முன்சிறை திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, நட்டாலத்தில் முடியும். நூறு கிலோமீட்டருக்குமேல். காவியுடுத்தி, கையில் ஓலை விசிறியோடு "கோவிந்தா, கோபாலா" என்று பக்தர்கள் வெறுங்காலில் ஓடும் வழி அது. சிவராத்திரி அன்று சைக்கிளோடு போகவேண்டாம். ஓடுகிறவர்களும் இருசக்கர வண்டிகளும் வேன்களுமாகச் சாலை நிரம்பிவிடும். வேறொரு வேலை நாளில், இரண்டாகப் பிரித்துப் போங்கள். மேற்கு மாவட்டத்தின் உள்சாலைகளை இதைவிட நன்றாகக் காட்டும் திட்டம் வேறு எனக்குத் தெரியாது.

## மலையடிவாரம்: பூதப்பாண்டி முதல் கீரிப்பாறை வரை

வடசேரியிலிருந்து பூதப்பாண்டி, திட்டுவிளை, அழகியபாண்டியபுரம், தடிக்காரன்கோணம், கீரிப்பாறை. பூதப்பாண்டி தோழர் ஜீவா பிறந்த ஊர். அதுவரை ஊர்ச் சாலை. அழகியபாண்டியபுரம் தாண்டியதும் மலை கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். வயல் முடிந்து வாழை, வாழை முடிந்து ரப்பர், ரப்பர் முடிந்து காடு என்று ஒரே காலையில் நிலம் மாறுவதைக் காணலாம். தடிக்காரன்கோணத்துக்கு அப்பால் நிமிடத்துக்கு ஒரு வண்டிகூட வராது.

அந்த அமைதிக்கு விலை உண்டு. கீரிப்பாறைக்குமேல் காட்டுப்பகுதி, காளிகேசம் போக வனத்துறையின் அனுமதி வேண்டும். ஆக, போன வழியே திரும்ப வேண்டும். பல இடங்களில் செல்போன் எடுக்காது. யானை நடமாட்டம் உள்ள பகுதி என்பதால் விடிந்து நன்றாக வெளிச்சம் வந்தபிறகே தடிக்காரன்கோணத்தைத் தாண்டுங்கள். மாலையில் போகவே வேண்டாம். அதாவது மற்றப் பாதைகளில் நாம் பயன்படுத்தும் ஐந்தரை மணித் தந்திரம் இங்கே செல்லாது. பஞ்சர் ஒட்டும் பொருளும் மாற்று டியூபும் பம்பும் இல்லாமல் வரக்கூடாது, தனியாகவும் வரக்கூடாது.

போன வழியே திரும்பப் பிடிக்காதவர்களுக்கு அழகியபாண்டியபுரத்திலிருந்து சுருளகோடு வழியாகக் குலசேகரம் போகும் சாலை இருக்கிறது. வயல்நாட்டையும் ரப்பர்நாட்டையும் இணைக்கும் சாலை அது. எனக்கு மிகவும் பிடித்தது. ஏற்றம் உண்டு, கடை குறைவு, ஆனால் மலையை ஒட்டியே போகும். நாகர்கோவிலில் தொடங்கிக் குலசேகரம், தக்கலை வழியாகத் திரும்பினால் ஒரு முழு நாளைக்கான வட்டம். தக்கலையில் நிறுத்திப் பத்மநாபபுரம் அரண்மனையையும் பார்க்க நினைப்பவர்கள் திங்கட்கிழமையைத் தவிர்க்கவும், அன்று விடுமுறை. தக்கலையிலிருந்து நாகர்கோவில் வரை நெடுஞ்சாலைதான் நேர்வழி. களைத்த உடம்போடு அதில் மிதிப்பது நல்லதல்ல. அந்தப் பதினைந்து கிலோமீட்டருக்கு வண்டி ஏற்பாடு செய்துகொள்வதை நான் வெட்கமாக நினைப்பதில்லை.

## கடற்கரை: கன்னியாகுமரி முதல் குளச்சல் வரை

அழகான பாதை. அமைதியான பாதையா என்றால், பாதிதான்.

சுவாமித்தோப்பு, புத்தளம் உப்பளங்களை ஒட்டி மணக்குடி வரை வரும் பகுதி அமைதி. பழையாறு கடலில் சேரும் காயல், வெள்ளை உப்புக் குவியல், தாழப் பறக்கும் ஆலாக்கள். கீழமணக்குடியையும் மேலமணக்குடியையும் இணைத்த பாலத்தை 2004 சுனாமி அடித்துக்கொண்டு போனது. இப்போதிருப்பது பிறகு கட்டியது. அதற்கு மேற்கே இராஜாக்கமங்கலம் துறை, முட்டம், கடியப்பட்டணம், மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு, குளச்சல் என்று ஊர்மேல் ஊர். வீட்டு வாசல் சாலையில் திறக்கும். பிள்ளைகள், கோழி, வலை, மீன்வண்டி, அடையாளம் போடாத வேகத்தடை. முட்டத்துப் பாறைகளும் செம்மணலும் கலங்கரை விளக்கமும், குளச்சலில் திருவிதாங்கூர் டச்சுக்காரர்களை வென்ற 1741 போரின் வெற்றித்தூணும் பார்க்கத் தக்கவை. ஆனால் வேகமாக ஓட்டும் சாலை இல்லை. மெதுவாகப் போய், நின்று பேசிப்போகும் சாலை.

இங்கே ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள். கடற்கரை ஊர்களில் அன்று கடலுக்குப் போகமாட்டார்கள். தேவாலயத்தின் காலைப் பூசைக்கு ஊரே சாலையில் இருக்கும். அந்தக் கூட்டத்துக்குள் மணியடித்துக்கொண்டு போவது மரியாதையும் இல்லை. மாசியில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவின் பத்து நாளும் அப்படித்தான்.

திசை முக்கியம். ஆடியில் கன்னியாகுமரியிலிருந்து மேற்கே கிளம்பினால் நாற்பது கிலோமீட்டரும் எதிர்க்காற்று. அந்த மாதங்களில் குளச்சலில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியுங்கள். அந்தக் காலத்தில் கடல் ஏறி, சில ஊர்களில் சாலையிலேயே மணலும் கல்லும் கிடக்கும் என்பதால் முந்தின நாள் விசாரித்துக்கொள்வது நல்லது. களைத்துவிட்டது என்று கடலில் குளிக்க இறங்கவேண்டாம். வெளியே அமைதியாகத் தெரியும் கடல் இந்தப் பக்கம் பலரைக் கொண்டுபோயிருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத செலவு உப்பு. ஒரு மாலை கடற்கரையில் ஓட்டிவந்து, களைப்பில் துடைக்காமல் சாய்த்துவைத்தேன். மறுநாள் மாலை எடுத்தால் செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் செம்புப்பொடிபோலத் துரு. நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, எண்ணெய் போடும் இருபது நிமிடத்தையும் பயணத்தின் பகுதியாகவே எண்ணுங்கள். இன்னொன்று, இது ஒருவழிப் பாதை. திரும்புவதற்கு வண்டி ஏற்பாடு வேண்டும், அல்லது இன்னொரு நாற்பது கிலோமீட்டர் மிதிக்கும் தெம்பு வேண்டும்.

## கேட்டவர்களுக்கு நான் சொன்னது

ஆடியில் வருகிற வளைகுடாக்காரருக்கு: ரப்பர் மேடு. அந்த மாதத்தில் காற்றை மறைக்கும் ஒரே பாதை அது. மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்தபிறகு, வேலை நாளில். சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம் என்பதால் உதவிக்கும் ஆள் உண்டு. சைக்கிள் ஓட்டிப் பழக்கம் விட்டுப்போயிருந்தால் பேச்சிப்பாறையை விட்டுவிட்டு, மாத்தூர் வரை போய்த் திரும்பினால் போதும்.

மதுரை நண்பர்களுக்கு: ரயிலில் சைக்கிளைப் பார்சலாகப் பதிய, இறக்கி எடுக்க, ஹேண்டிலையும் பெடலையும் மறுபடி பூட்ட என்று போக வர ஒவ்வொரு பக்கமும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அவ்வளவு பாடுபட்டு வருகிறவர்களுக்கு ஒரு காலை போதாது. இரவு நாகர்கோவிலில் தங்கி, முதல் நாள் விடியலில் குளங்கள், மறுநாள் சுருளகோடு வழியாகக் குலசேகரம். கடற்கரைதான் வேண்டுமென்றால் மாலையில் மணக்குடி வரை மட்டும்.

ஆசிரியைக்கு: வேறு யோசனையே வேண்டாம், குளத்துப் பாதை. அதையே நாலு முறை, நாலு மாதங்களில். அவர் இதுவரை மூன்று முறை போய்விட்டார். முதல் முறை தேரூர்க் கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு முக்கால் மணி நேரம் நின்றுவிட்டதால் பள்ளிக்குத் தாமதமாகப் போனதாகச் சொன்னார். போன வாரம் சுருளகோட்டுச் சாலையில் ஏற்றம் எப்படி என்று கேட்டார். தை கடைசியில் இலை உதிரத் தொடங்கியதும் போகலாம் என்றேன். மாற்று டியூப் இரண்டு, மட்டிப்பழம் ஒரு சீப்பு, வடசேரியில் ஐந்தே முக்காலுக்கு.